பன்னீர்ச் செம்பும் பதினான்கு சாவிகளும்

தானத்தில் சிறந்தது அன்னதானம் என்பார்கள். அதற்கு அடுத்தபடியாக வஸ்திரதானம், கோதானம், பூதானம் என்று ஒரு நீண்ட பட்டியல் உண்டு. என் மாமா ஒரு மாசி மாதத்தில் செய்த தானம் அந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை. அதன் பெயரைச் சொல்லவே எங்கள் வீட்டில் எல்லோரும் கூச்சப்பட்டார்கள். அப்பா 'அந்த விஷயம்' என்பார். அத்தை 'உங்க மாமா பண்ணுத கூத்து' என்பாள். நான் மட்டும்தான் ஒன்பது வயதின் துணிச்சலில் 'கக்கூஸ் தானம்' என்று பளிச்சென்று சொல்லி, அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்கினேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அத்தை அவருடைய மனைவி. திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய லாட்ஜ் இருந்தது. பதினான்கு அறைகள், அறைக்கு ஒரு குளியலறை, கீழே ஒரு வரவேற்பு மேஜை, அதற்குப் பின்னால் சாவிகள் தொங்கும் பலகை. லாட்ஜ் அவர் மாமனார் கொடுத்தது. ஆகவே லாட்ஜுக்கு மாமா முதலாளி, மாமாவுக்கு அத்தை முதலாளி.

ஆற்றுக்கால் பகவதிக்குப் பெண்கள் பொங்கல் இடும் பொங்காலையன்று எங்கள் ஊரைப் பார்க்க வேண்டும். சாலை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. எங்கு பார்த்தாலும் மூன்று செங்கல், அதன்மேல் ஒரு மண்பானை, பக்கத்தில் ஒரு பெண். கோயிலில் தொடங்கி கிழக்கேகோட்டை, சாலைக் கடைத்தெரு, தம்பானூர் என்று மைல் கணக்கில் இப்படியே போகும். முந்தின நாளே வந்து இடம்பிடித்துத் தெருவில் படுத்துக்கொள்வார்கள். ஊரில் உள்ள ஹோட்டல்காரர்கள் எல்லோரும் அன்றைக்கு ஏதாவது இலவசமாகக் கொடுப்பார்கள். இட்டிலி, தண்ணீர், பழம். லாட்ஜுக்கு எதிரே டிபன் ஹோட்டல் நடத்திய சுவாமி வருஷா வருஷம் இஞ்சியும் பச்சைமிளகாயும் தட்டிப்போட்ட சம்பாரம், அதாவது மோர், பெரிய அண்டாவில் வைத்துக் கொடுப்பார். கொடுப்பதைப் போட்டோவும் எடுத்துக்கொள்வார்.

லாட்ஜுகளுக்கோ அது அறுவடை நாள். நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் தைப்பொங்கல் கழிந்த உடனே அறை கேட்டு போன் வர ஆரம்பித்துவிடும். அந்த வருஷம் எல்லோருக்கும் மாமா அறை இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். யாரோ பெரிய பார்ட்டி மொத்தமாக எடுத்துவிட்டது என்று அத்தை மகிழ்ந்துபோய் இருந்தாள். பொங்காலைக்கு ஒரு வாரம் முன்னால்தான் விஷயம் வெளியே வந்தது. பதினான்கு அறைகளின் குளியலறைகளையும் அன்று முழுக்கத் தெருவில் இருக்கும் பெண்களுக்குத் திறந்துவிடப் போகிறாராம்.

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்" என்றாள் அத்தை. அவளுடைய சொந்தச் சித்தப்பா குடும்பத்துக்கே அறை இல்லை என்று சொல்லியிருந்தார் மாமா. ஒரு வாரம் சண்டை நடந்தது. கடைசியில் ஓர் உடன்பாடு. இந்த ஒரு வருஷம் பார்ப்பது. பெண்கள் வந்தால் சரி. வராவிட்டால் அடுத்த வருஷத்திலிருந்து பழையபடி அறை வாடகைக்கு, மாமா இந்தப் பேச்சை ஆயுசுக்கும் எடுக்கக் கூடாது. மாமா தலையாட்டினார். பரீட்சை எழுதப் போகிற பையன் மாதிரி அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

அதன்பிறகு அவர் செய்த ஏற்பாடுகள் எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில்கூட நடந்ததில்லை. பதினான்கு புது வாளிகள், ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் பதினான்கு நிறத்தில். புது சோப்பு, புது ரப்பர் செருப்பு. தச்சுவேலைக்காரர் வந்து எல்லாக் குளியலறைக் கதவிலும் ஏற்கெனவே இருந்த தாழ்ப்பாளுக்குக் கீழே இன்னொரு தாழ்ப்பாள் அடித்துவிட்டுப் போனார். ஒரு கதவுக்கு எதற்கு இரண்டு என்று கேட்டதற்கு, மாமா இரண்டையும் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தார். வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே உட்கார்ந்து தேய்த்துக் கழுவினார். ரூம்பாய் இரண்டு பேர் இருக்கும்போது முதலாளி கழுவலாமா என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

நடுவில் ஆரியசாலையில் எங்கள் வீட்டுக்கும் இரண்டு தடவை வந்தார். அம்மா அந்த வருஷம் லாட்ஜ் வாசலில் வந்து பொங்காலை இட வேண்டும் என்று கேட்பதற்காக. அப்பாவுக்கு ஆரியசாலையில் வத்தல் மல்லி மொத்தக் கடை. அம்மா எப்போதும் கடைக்கு முன்னால்தான் பானை வைப்பாள். ஊர்ப் பெண்களெல்லாம் கோயிலுக்கு இன்னும் ஓரடி பக்கத்தில் இடம் கிடைக்காதா என்று அலையும்போது, என் அம்மா மட்டும் எங்கள் தெருவைத் தாண்ட மாட்டாள். முதல் தடவை "பாக்கலாம்டே" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இரண்டாம் தடவை மாமா வெற்றிலை பாக்கு பழத்தோடு வந்து தட்டை நீட்டினார். அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கிக்கொண்டாள். சொந்த அக்காளைத் தாம்பாளம் வைத்து எதற்கு அழைக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பழத்தின்மேல்தான் என் கண் இருந்தது.

பொங்காலையன்று விடியற்காலையில் போய்ச் சேர்ந்தோம். மாமா எங்களுக்கு வாசலுக்கு நேராகச் செங்கல் அடுக்கி இடம் வைத்திருந்தார். பக்கத்து அடுப்பில் கொல்லத்திலிருந்து வந்த ஒரு சேச்சி. பருத்த உடம்பு, சிரித்த முகம். முந்தின நாள் மத்தியானமே வந்துவிட்டாளாம். நான் பொதுவாக லாட்ஜ் வாசலில் துடைப்பத்தையும் செருப்புகளையும்தான் பார்த்திருக்கிறேன். அன்று அங்கே வெள்ளை விரிப்பு விரித்த ஒரு மேஜை இருந்தது. மேஜைமேல் அத்தையின் கல்யாணத்துக்கு வந்த வெள்ளிப் பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், ஒரு தட்டில் கல்கண்டு. இரண்டு பக்கமும் ரூம்பாய்கள் புதுச் சட்டையில் கைகூப்பி நின்றார்கள். நடுவில் சரிகை வேஷ்டியில் என் மாமா.

வருகிறவர்களை மரியாதையாக வரவேற்க வேண்டும் என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு வழிதான்.

ஒருத்தியும் வரவில்லை. பெண்கள் மேஜையைப் பார்த்தார்கள், சிரித்தார்கள், ஒதுங்கிப் போனார்கள். யாரோ வீட்டுக் கல்யாணத்தில் கூப்பிடாமல் நுழைய யாருக்குத்தான் மனம் வரும்? ஒரு பெண் ரூம்பாயிடம், "கல்யாணம் ஆர்க்கா?" என்று விசாரித்துவிட்டு, தூரத்திலிருந்தே கைதூக்கி ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. எதிர் ஹோட்டலில் சம்பாரத்துக்கு வரிசை நீண்டுகொண்டே இருந்தது. சுவாமி அங்கிருந்தே, "என்ன ஓய், முகூர்த்தம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

மாமாவுக்குத் தாங்கவில்லை. படியிறங்கி வந்து பெண்களைப் பார்த்து, "உள்ள வாங்கம்மா, ரூம் எல்லாம் ஃப்ரீதான்" என்று கூப்பிட ஆரம்பித்தார். சந்தனம் மணக்கிற ஓர் ஆள், லாட்ஜ் வாசலில் நின்றுகொண்டு, வருகிற போகிற பெண்களையெல்லாம் அறைக்கு வா என்கிறான். மூன்று பேர் செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். நாலாவது ஆள் நேராகப் போய்ப் பெண் போலீஸை அழைத்து வந்துவிட்டாள்.

போலீஸ்காரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "எந்தா இவிடெ பரிபாடி?" என்று, இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டார். மாமாவுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. "பெண்ணுங்களுக்கு ஒரு சௌகரியம், மேடம்" என்றார். என்ன சௌகரியம் என்று கேட்டார் போலீஸ்காரி. மாமா சந்தனக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து சந்தனப் பொட்டு கரைந்து மூக்கு வரைக்கும் வந்துவிட்டது. சன்னல் வழியாக அத்தை எட்டிப் பார்த்தாள். அடுத்த வருஷத்து வாடகையை அவள் மனதுக்குள் போட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

இத்தனைக்கும் நடுவில் நான் சுவாமியின் சம்பாரத்தை மூன்று கிளாஸ் குடித்து முடித்திருந்தேன். அதன் பலன் வந்துசேர்ந்தது. போலீஸ்காரியின் கைக்கு அடியில் புகுந்து உள்ளே ஓடினேன். மாமா என்னைச் சரியாகப் பார்க்காமலேயே, ஆள் வந்துவிட்டது என்ற ஆவேசத்தில் என் தலையில் பன்னீர் தெளித்துவிட்டார். பார்த்தால் அக்காள் மகள். செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

திரும்பி வந்தபோது கொல்லத்துச் சேச்சி எங்கே போனாய் என்று கேட்டாள். போன இடத்தை நான் அந்தச் சந்துக்கே கேட்கும்படி சொன்னேன். புது வாளி, புது சோப்பு, என் அறையில் மஞ்சள் வாளி, வேண்டுமானால் நீங்களும் போகலாம், பதினான்கு இருக்கிறது என்றும் சொன்னேன். அம்மா கிள்ளுவதற்குள் சேச்சி என்னைப் பக்கத்தில் இழுத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மோளே, கதவுக்குக் குற்றி உண்டோ?"

"ரெண்டு தாழ்ப்பாள் உண்டு சேச்சி. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

சேச்சி எழுந்துவிட்டாள். எழுந்தவள் நின்று இன்னொன்று கேட்டாள். "அகத்து ஆணுங்கள் ஆராவது உண்டோ?" உண்டு, மாமாவும் ரெண்டு ரூம்பாயும் என்றேன். அவள் முகம் சுருங்கியது. திரும்ப உட்கார்ந்து, முழங்கால்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அவள் அங்கே உட்கார்ந்து முழுசாக ஒரு ராத்திரி கழிந்திருந்தது.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. பின்வாசல் வழியாக ஓடிப் போய் அத்தையிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கல்யாணம் என்று நினைக்கிறார்கள், ஆம்பிளைகள் இருக்கிறார்கள் என்று பயப்படுகிறார்கள், அந்தச் சேச்சி நேற்றிலிருந்து போகவில்லை. அத்தை கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பேசாமல் இருந்திருந்தால் அவள் ஜெயித்திருப்பாள். அதை நான் இன்றைக்கும் அவளிடம் சொல்லுவதுண்டு. ஆனால் அத்தை விறுவிறுவென்று வாசலுக்கு வந்தாள், மேஜையைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள்.

"வெளிய போங்க."

"எங்க போக?"

"எங்கயாவது போங்க. இங்கின ஒரு ஆம்பளை நிக்கப்படாது."

சொந்த லாட்ஜிலிருந்து மாமா இரண்டு ரூம்பாய்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறி, அடுப்புகளுக்கு நடுவில் கால் பார்த்து வைத்து நடந்து, எதிர் ஹோட்டல் படியில் போய் நின்றார். சுவாமி அவர் கையில் ஒரு கிளாஸ் சம்பாரத்தைக் கொடுத்தார். அத்தை பன்னீரையும் சந்தனத்தையும் உள்ளே தள்ளிவிட்டு, சோப்பு வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, மலையாளத்திலும் தமிழிலும் கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் மாட்டினாள். 'பெண்கள் கழிப்பறை. உள்ளே ஆண்கள் இல்லை. தாழ்ப்பாள் உண்டு.'

போலீஸ்காரி அதை ஒரு முறை படித்தார். அங்குமிங்கும் பார்த்தார். தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு மாடிப்படியில் ஏறினார். அவர்தான் முதல் விருந்தாளி. இரண்டாவது கொல்லத்துச் சேச்சி.

அப்புறம் அணை உடைந்தது. கீழிருந்து மாடி வரைக்கும் படிக்கு ஒரு பெண் நின்றார்கள். அத்தை வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து சாவிப் பலகையை ஆட்சி செய்தாள். நான் சாவியை எடுத்து ஓடுவேன், வாங்கி ஓடி வருவேன். நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த ஒருத்தி வெளியே வந்து, காசிக்குப் போய்வந்த மாதிரி இருக்கிறது என்றாள். இன்னொருத்தி ஆறாம் அறையில் மின்விசிறிக்குக் கீழே கட்டிலில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். எழுப்பப் போன என்னை அத்தை தடுத்து, பத்து நிமிஷம் கிடக்கட்டும் என்றாள். எங்கள் அத்தை அப்படிச் சொன்னதை யாரும் நம்பவில்லை.

கோயிலில் தீ மூட்டுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் குழாயில் தண்ணீர் நின்றது. மொட்டைமாடித் தொட்டி காலி. அத்தை செல்போனை எடுத்தாள். ஊரில் அவ்வளவு ஜனம் இருந்தால் எந்த போன் வேலை செய்யும்? நான் பால்கனிக்கு ஓடி, ஒரு சிவப்புத் துண்டை ஆட்டி, எதிரே நின்ற மாமாவைப் பார்த்து, "மாமா, தொட்டி காலி" என்று கத்தினேன்.

நஷ்டக் கணக்கைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. மாமா சுவாமியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். சுவாமி ஒல்லி, காற்றில் காலை உதறினார். ஆனால் நல்ல மனிதர். அவர் ஹோட்டலுக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது. மாமா நாலாக மடித்துக் கட்டின சரிகை வேஷ்டியோடு ராட்டினத்தில் இறைக்க, ரூம்பாய்கள் வாளியை ஹோட்டல் வாசல் வரைக்கும் கொண்டுவந்தார்கள். அதற்கு மேல் வழி இல்லை. சந்து முழுக்க அடுப்பும் பானையும். தண்ணீர் தளும்புகிற வாளியோடு ஆண்கள் அதற்குள் நடந்தால் பாதிப் பானை உடைந்திருக்கும்.

கொல்லத்துச் சேச்சிதான் எழுந்து நின்று கையை நீட்டினாள். அவளுக்கு அடுத்தவள் எழுந்தாள், அதற்கு அடுத்தவள். உட்கார்ந்த இடத்தைவிட்டு ஓரடியும் நகராமல் எல்லோரும் எழுந்து நிற்க, எதிர் ஹோட்டல் படியிலிருந்து லாட்ஜ் மாடிப்படி வரை கைகளாலேயே ஒரு வரிசை உண்டாகிவிட்டது. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று எங்கள் வாளிகள் தலைக்குமேல் மிதந்து வந்தன, காலியானதும் மிதந்து போயின. வரிசையின் ஹோட்டல் பக்கக் கோடியில் என் அம்மா போய் நின்றிருந்தாள். இறைக்கிற வேலையை ரூம்பாய்களிடம் விட்டுவிட்டு மாமாவே படிக்கு வந்துவிட்டார். ஒவ்வொரு வாளியும் மாமாவின் கையிலிருந்து அம்மாவின் கைக்கு வந்தது. புதுக் கசவுப் புடவை தொப்பலாக நனைந்தும் அம்மா யாரையும் ஏசாததை மட்டும் நான் கவனித்தேன்.

தீ வந்தது. ஓர் அடுப்பிலிருந்து அடுத்த அடுப்புக்கு என்று அது சந்துக்குள் ஓடியது. புகையில் எல்லோருக்கும் கண்ணீர். பானைகள் பொங்கி வழிந்தபோது பெண்கள் போட்ட குரவைச் சத்தம் காதை அடைத்தது. மத்தியானம் வானத்திலிருந்து விமானம் பூத் தூவியது. எங்கள் பானையில் ஒன்றும் விழவில்லை. லாட்ஜின் காலித் தொட்டியில் ஒரு செம்பருத்தி இதழ் விழுந்திருந்ததாக மாமா பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய்யாகவும் இருக்கலாம்.

சாயங்காலம் சந்து காலியாயிற்று. சேச்சி தன் பாயசத்தில் பாதியை எங்களுக்குத் தந்துவிட்டு, அத்தையிடம் அடுத்த வருஷமும் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். "வா, வராம இருந்திராதே" என்றாள் அத்தை. வழக்கு அத்தோடு தீர்ந்தது. வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டக் கொடுப்பதற்காக, குவித்து வைத்த செங்கல்களை மாநகராட்சி லாரி வந்து அள்ளியது.

மாமா மாடியில் பிரஷ்ஷோடு முதல் அறையின் குளியலறையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சாவிக் கொத்தை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அம்மா ஈரப் புடவையோடு மேலே வந்து வாசலில் சாய்ந்து நின்றாள். "பதினாலு எதுக்குடே? அன்னைக்கு ஒண்ணு மதியாயிருந்து" என்றாள். ஒன்று போதுமாயிருந்தது என்கிறாள். மாமா பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு, கவிழ்த்திருந்த மஞ்சள் வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்குக் கணக்கு வராது என்று நினைத்து நான்தான் விளக்கினேன். பதினான்கு அறை இருக்கும்போது பதினான்குதானே இருக்கும். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான் வயிற்றில் பிள்ளையோடு இருந்த வருஷம்தான் அத்தை எனக்கு மிச்சத்தைச் சொன்னாள். நான் அம்மாவின் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, தம்பி வேலை பார்க்கிற இடம்தானே என்ற தைரியத்தில் அம்மா நகரத்தில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு முன்னால் பொங்காலை இட்டாளாம். மாமா அங்கே வரவேற்பில் நின்றார். வெளியாட்களை உள்ளே விடக்கூடாது என்று மானேஜர் உத்தரவு. அவசரம் தாங்காமல் அம்மா மூன்று தடவை ஹோட்டல் வாசலுக்கு வந்து நின்றாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பி தன்னைப் பார்த்ததையும், பார்த்துவிட்டுப் பதிவேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டதையும் அவள் பார்த்தாள். ஆரியசாலைக்கு நடந்தே வந்தாள். வீடு வந்துசேர்வதற்குள் புடவை நனைந்துவிட்டது. மறுமாதம் மாமா அந்த வேலையை விட்டார். அதைப் பற்றி அக்காளும் தம்பியும் ஒருவருக்கொருவர் பேசவில்லை, பல வருஷம் கழித்து அம்மாதான் அத்தையிடம் சொன்னாளாம்.

இதொன்றும் எனக்கு அன்று தெரியாது. அந்தச் சாயங்காலம் அம்மா என் கையிலிருந்து ஒன்றாம் எண் சாவியை வாங்கினாள். தம்பியை எழுப்பி வெளியே அனுப்பினாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது, அப்புறம் கீழ்த் தாழ்ப்பாள். மாமா மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடினார். அம்மா கதவைத் திறந்து வந்தபோது கையில் அந்த வெள்ளிப் பன்னீர்ச் செம்போடு மூச்சிரைக்க நின்றார். ஏற்கெனவே நனைந்திருந்த அக்காளின் தலையில் செம்பு காலியாகும் வரைக்கும் தெளித்தார். கீழேயிருந்து அத்தை, பன்னீர் என்ன பைப்பிலயா வருது என்று கேட்டாள்.

குளியலறையிலிருந்து வருகிறவளுக்குப் பன்னீர் தெளித்து நான் பார்த்ததே இல்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மாவின் முகத்தில் வழிந்ததெல்லாம் பன்னீர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.